பொய்யில்லை, ஆனால் தப்பு

1

2017 பொங்கலுக்கு முந்தைய வாரம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு எந்த பஸ்ஸில் டிக்கெட், கரும்புக் கட்டு யார் வாங்குவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நடுவே ஒரு வீடியோ வந்து விழுந்தது. பனி மூடிய மலை, சீருடை, துப்பாக்கி. ஜம்மு காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே பணியில் இருந்த எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ் இந்தியில் பேசுகிறார். காலையில் ஒரு பராத்தாவும் டீயும், ஊறுகாய்கூட இல்லை. மதியம் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட பருப்பு. பதினொரு மணிநேரம் பனியில் நிற்கிறோம், சில இரவுகளில் பசியோடு படுக்கிறோம். அரசாங்கம் எல்லாவற்றையும் அனுப்புகிறது, மேலே இருப்பவர்கள் விற்றுவிடுகிறார்கள் என்கிறார். கூடவே வந்த இன்னொரு துண்டில் கருகிய ரொட்டியும் தண்ணீராக ஓடும் பருப்பும்.

குழுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சித்தப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். அதே படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வுபெற்றவர் அவர். எங்கள் குடும்பத்தில் ராணுவம், எல்லை, பாகிஸ்தான் மூன்றுக்கும் அவர்தான் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாள் வேறொருவர் கோலப்போட்டி படம் போட்டார், பேச்சு நகர்ந்துவிட்டது.

பொங்கலன்று ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நானே கேட்டேன்.

"அந்த வீடியோ பாத்தீங்கள்ல சித்தப்பா?"

"பாத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார். "அவன் சொன்னது பொய்யில்லடா. ஆனா சொன்னது தப்பு."

"பொய்யில்லன்னா அப்புறம் என்ன தப்பு?"

"யூனிஃபார்ம் போட்டவனுக்குத்தான் அது தெரியும். உனக்குச் சொன்னா புரியாது."

எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரியாததற்குக் காரணம் நான் யூனிஃபார்ம் போடாதது அல்ல, அந்த வாக்கியமே பிழையானது என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமாக அதனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அதை வெளியே வைத்துப் போடுகிறேன்.

2

முதலில், சொன்னவருக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

வீடியோ பரவிய கையோடு படைத் தரப்பிலிருந்து வந்த விளக்கங்களில் பருப்பைவிட அதிகம் பேசப்பட்டவர் யாதவ்தான். குடிப்பழக்கம், கீழ்ப்படியாமை, 2010இல் படை நீதிமன்ற விசாரணை என்று அவருடைய பழைய ஒழுங்கு நடவடிக்கைகள் எல்லாம் வெளியே வந்தன. அவை உண்மையாகவே இருக்கட்டும். குடிகாரன் காட்டினால் ரொட்டி கருகாமல் போய்விடுமா? உணவில் குறையில்லை என்று பிறகு படை மறுத்தது. மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் மறுப்பைச் சரிபார்க்க, படைக்கு வெளியே இருந்து ஒருவர் அந்தச் சமையற்கூடத்துக்குள் போய்ப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லை. புகாருக்கு உள்ளானவர்களே விசாரித்து, அவர்களே தீர்ப்புச் சொல்லி, அவர்களே செய்திக்குறிப்பும் வெளியிட்டார்கள்.

யாதவ் விருப்ப ஓய்வுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். கிடைத்திருந்த அனுமதி விசாரணையைக் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. கணவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று அவர் மனைவி பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டிவந்தது. எல்லையில் காவல் நிற்கிற ஒருவரின் மனைவி போட்ட ஆட்கொணர்வு மனு அது. ஏப்ரலில் படையின் உள்நீதிமன்றம் அவரைப் பணிநீக்கம் செய்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் வாரணாசியில் பிரதமரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கப்போனபோது, பணிநீக்கம் தொடர்பான ஒரு சான்றிதழ் இல்லையென்று வேட்புமனு தள்ளுபடி ஆனது. 2020இல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது.

அதே 2017 ஜனவரியில் ராணுவத் தளபதி பிபின் ராவத் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, படைத் தலைமையகங்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்படும், வீரர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, அடுத்த சில நாட்களில் ராணுவ தின உரையில் சொன்னது: குறைகளைச் சமூக ஊடகத்தில் கொட்டுபவர்கள் தண்டனைக்கு உள்ளாக நேரலாம். பெட்டியும் பிரம்பும் ஒரே வாரத்தில் வந்தன.

அடுத்த மாதம் ஒரு செய்தித்தளம், அதிகாரிகளின் வீட்டுவேலைக்கு வீரர்களைப் பயன்படுத்தும் 'சகாயக்' முறை பற்றி ரகசியக் கேமராவில் எடுத்த வீடியோவை வெளியிட்டது. அதில் முகம் மறைக்கப்பட்டுப் பேசியவர்களில் ஒருவர், கேரளத்தைச் சேர்ந்த வீரர், மார்ச் தொடக்கத்தில் தேவ்லாலியில் கைவிடப்பட்ட ஒரு குடியிருப்பில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். வழக்குப் போடப்பட்டது யார்மேல்? அந்தச் செய்தியாளர்மேல். அலுவல் ரகசியச் சட்டமும் தற்கொலைக்குத் தூண்டியதும். 2019இல் மும்பை உயர்நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ரகசியக் கேமராவில் ஒருவரை அவருக்கே தெரியாமல் பதிவு செய்ததன் அறம் பற்றி அந்தச் செய்தித்தளத்தோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் நாயை நடத்திக் கூட்டிப்போவதும் அதிகாரியின் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் எப்படி தேசத்தின் அலுவல் ரகசியம் ஆகும் என்பதை யாராவது எனக்கு விளக்க வேண்டும்.

3

இந்த இடத்தில் என் நண்பர்களில் பாதிப்பேர் "பாதுகாப்பு" என்பார்கள். அதைக் கிண்டலாகக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு செல்போன் எவ்வளவு உளறும் என்பது உங்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

ஓட்டப்பயிற்சிக்கான ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பயனர்கள் ஓடிய பாதைகளெல்லாம் அதில் ஒளிக்கோடுகள். 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கவனித்துச் சொன்னார்: சிரியா, ஆப்கானிஸ்தான் இருட்டுக்கு நடுவே சிறிய செவ்வகங்கள் மின்னுகின்றன. அமெரிக்க வீரர்கள் தங்கள் முகாமைச் சுற்றிக் காலையில் ஓடிய தடம். யாரும் உளவு பார்க்கவில்லை, யாரும் துரோகம் செய்யவில்லை. கைக்கடிகாரம் தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

2020இல் இந்திய ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை வீரர்கள் தங்கள் போன்களிலிருந்து நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எதிர்த்து நீதிமன்றம் போன ஓர் அதிகாரியின் மனு தள்ளுபடி ஆனது. போலி அழகிகளின் கணக்குகள் வழியாக வீரர்களை வளைக்கிற வேலை உண்மையிலேயே நடக்கிறது. படை எங்கே நகர்கிறது, எத்தனை பேர், எப்போது என்று பதிவிடுகிற வீரனுக்குத் தண்டனை கொடுங்கள், கடுமையாகவே கொடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்துப் பங்க்கில் படுத்திருப்பவனின் உயிர் அது.

ஆனால் ஒவ்வொரு தடை வரும்போதும் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. இது யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது?

ரஷ்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் கிழக்கு உக்ரைனில் எங்கள் படையே இல்லை என்று மாஸ்கோ சாதித்தது. அங்கே போயிருந்த வீரர்களோ செல்ஃபி எடுத்து தங்கள் ஊர் ஃபேஸ்புக்கான விகோன்டாக்டேவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் பின்னணியில் தெரிந்த கம்பத்தையும் கட்டடத்தையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் சட்டம் வந்தது: பணியில் இருக்கும் வீரர்கள் படம், வீடியோ, இருப்பிடம் பதிவாகும் கருவிகளை வைத்திருக்கக் கூடாது, படை பற்றி இணையத்தில் பேசக் கூடாது. சரி, அந்த செல்ஃபிகள் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தன? ரஷ்யப் படை வந்திருப்பது உக்ரைனுக்குத் தெரியாதா? குண்டு விழுகிற ஊர்க்காரனுக்கு செல்ஃபி பார்த்தா தெரிய வேண்டும்? தெரியாமல் இருந்தவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். மகன் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்த தாய்மார்கள் அவர்கள்.

2023 புத்தாண்டுக்குள் நுழைந்த வேளையில் மாகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடத்தை உக்ரைனின் ராக்கெட்டுகள் தாக்கின. ரஷ்ய ராணுவமே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 89 சாவு. உக்ரைன் சொன்னது அதைவிட மிக அதிகம். முதன்மைக் காரணம் என்ன என்று ரஷ்ய ராணுவம் அறிவித்தது தெரியுமா? வீரர்கள் தடையை மீறி செல்போன் பயன்படுத்தினார்கள். புத்தாண்டு இரவு, புதிதாகப் படைக்கு இழுத்து வரப்பட்ட பையன்கள், வீட்டுக்குப் போன் செய்திருப்பார்கள். சிக்னல் காட்டிக்கொடுத்திருக்கலாம், தொழில்நுட்பரீதியாக அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அத்தனை பேரையும் போர்முனைக்கு அருகே ஒரே கட்டடத்தில் அடைத்தது யார்? வெடிபொருளைப் பக்கத்திலேயே வைத்தது யார்? போரை ஆதரித்த ரஷ்யப் பதிவர்களே இதைக் கேட்டார்கள். செத்தவனின் பாக்கெட்டில் இருந்த போன் பதில் பேசாது. அதனால்தான் பழி அதன்மேல் விழுந்தது.

4

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தருகிற கதை அல்ல.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பணம் திருப்பித் தரும் சேவை ஒன்றை எங்கள் குழு கவனித்துக்கொண்டது. நடுராத்திரி இரண்டு மணி வாக்கில் அதில் சில பிழைகள் வரும். அலர்ட் அடிக்கும். ஆன்-கால் இருப்பவர் எழுந்து பார்ப்பார், அதற்குள் சரியாகியிருக்கும். ஒரு கட்டத்தில் எரிச்சலாகி அலர்ட்டின் வரம்பை உயர்த்தினோம். லாக் அளவைக் குறைத்தோம். அதன்பின் டேஷ்போர்ட் மூன்று மாதம் பச்சையாகவே இருந்தது. மேலிடத்துக் கூட்டங்களில் அந்தப் பச்சையைக் காட்டி நல்ல பெயர் வாங்கினோம். உண்மையில் ஒவ்வொரு இரவும் சிலருக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம் போகவே இல்லை.

கண்டுபிடித்தது குழுவில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண். கணக்கைத் தானே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட்டோடு எல்லாக் குழுக்களும் இருக்கும் பொதுச் சேனலில் போட்டுவிட்டாள். அரைமணி நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒருவர் கேட்டார்: "இதை ஏன் எல்லாரும் இருக்கற சேனல்ல போட்ட? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டது நான்தான்.

அவள் சொன்ன விவரம் சரியா என்று நான் அப்போது பார்த்திருக்கவே இல்லை. என் முதல் பதற்றம் யார் யார் பார்த்திருப்பார்கள் என்பதுதான். அவள் அமைதியாக, "உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். சொல்லியிருந்தாள். என் மெயிலிலேயே இருந்தது. சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மரியாதையாகத்தான் விடைபெற்றாள், அது இன்னும் உறுத்துகிறது.

சித்தப்பாவின் வாக்கியத்தை நானே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பொய்யில்லை, ஆனால் தப்பு. அலுவலகத்தில் அதன் விலை கொஞ்சம் பணமும் ஒரு நல்ல பொறியாளரும். படையில் அதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

5

இதுவரை சொன்னது குறை சொன்ன வீடியோக்களைப் பற்றி. இன்னொரு வகை இருக்கிறது. வீரன் பெருமைக்காக எடுக்கிற வீடியோ.

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒரு காட்சியை ஒளிபரப்பியது. நிர்வாணமாக்கப்பட்டு, கண்ணும் கையும் கட்டப்பட்ட ஆண்கள். ராணுவச் சீருடை அணிந்தவர்கள் பின்னாலிருந்து சுடுகிறார்கள். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஒரு சிப்பாயின் செல்போனில் எடுக்கப்பட்டது என்று அது வெளிவந்தது. நான் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. விடுதியில் ஒருவன் லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தோம். பார்த்து முடித்ததும் யாரும் அறைக்குப் போகவில்லை, அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

இலங்கை அரசு போலி என்றது. அந்த மறுப்பு போன வழியைக் கவனியுங்கள். இது செல்போனில் எடுக்கப்பட்டதே அல்ல, வீடியோ கேமராவில் எடுத்து மாற்றப்பட்டது. கோப்பின் வடிவம் பொருந்தவில்லை. ஒலியும் காட்சியும் ஒத்துப்போகவில்லை. கொல்லப்பட்டவர்கள் யார் என்று ஒரு கேள்வி இல்லை. பேச்சு முழுக்க கோடெக்கைப் பற்றி. படிப்பில் அந்தச் சொற்களை நான் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அவை இப்படியும் பயன்படும் என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.

ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல், துப்பாக்கி, வீடியோ என மூன்று துறை நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, 2010 ஜனவரியில் அது உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்றார். விளக்க முடியாத சில அம்சங்கள், கோப்பில் பதிவாகியிருந்த தேதி உட்பட, இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்து வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2011இல் நீளமான பதிவை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவும் இதை விசாரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் காட்சிகளில் இருந்த கொலைகளுக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

மற்ற படைகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன? "கைதியைச் சுடாதே" என்பதாக இருந்திருக்கலாம். "படம் எடுக்காதே" என்பதாகத்தான் இருந்தது.

அமெரிக்கா இதை முன்பே செய்துகாட்டியிருந்தது. 2004இல் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது, பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் நாடாளுமன்ற விசாரணையில் வருத்தம் தெரிவித்தார்தான். அதோடு, டிஜிட்டல் கேமராவோடு ஆட்கள் திரிந்து நம்பமுடியாத படங்களை எடுத்து, பென்டகனுக்கே வந்துசேரும் முன் ஊடகங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அங்கலாய்க்கவும் செய்தார். அதே விசாரணையில், அந்தப் படங்களைப் புலனாய்வாளர்களிடம் ஒப்படைத்த வீரர் ஜோ டார்பியின் பெயரை உலகத்தின் முன் உச்சரித்தார். பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்த டார்பி அப்போது ஈராக்கில், சக வீரர்கள் நிறைந்த மெஸ் ஹாலில் இருந்தார்.

2007 மார்ச்சில் ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தலைமையிலான படை தனக்கென ஒரு யூடியூப் சேனல் தொடங்கியது. இரண்டே மாதத்தில், மே மாதம், ராணுவ வலைப்பின்னல்களில் யூடியூப் உட்பட 13 தளங்கள் முடக்கப்பட்டன. இணைய வேகம் போதவில்லை என்பது முதலில் சொல்லப்பட்ட காரணம். தலைமையின் வீடியோ உலகத்துக்குப் போகலாம், சிப்பாயின் வீடியோ போக முடியாது. அதே ஆண்டு ஜூலை 12 அன்று பாக்தாத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று தெருவில் நின்றவர்களைச் சுட்டது. செத்தவர்களில் ராய்ட்டர்ஸ் ஊழியர்கள் இருவர். ஹெலிகாப்டரின் கேமராவே எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. தகவல் அறியும் சட்டப்படி ராய்ட்டர்ஸ் கேட்டும் அந்தப் பதிவு கிடைக்கவில்லை. செல்சி மேனிங் என்ற சிப்பாய் வெளியே கொடுத்ததால் 2010இல் உலகம் பார்த்தது. மேனிங் கசியவிட்ட மற்ற ஆவணங்களையும் சேர்த்துக் கிடைத்த தண்டனை 35 வருஷம், பின்னர் ஒபாமா குறைத்தார். சுட்டவர்கள்மேல் வழக்கே இல்லை. அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது பாக்தாத்வாசிகளுக்கு 2007லேயே தெரியும். அமெரிக்க வாக்காளருக்குத்தான் மூன்று வருஷம் தெரியாமல் இருந்தது.

காஸாவில் இது உச்சத்துக்குப் போனது. தகர்க்கப்பட்ட வீடுகளுக்குள் நின்று, அந்த வீட்டுப் பெண்களின் உடைகளைக் காட்டிச் சிரித்து, வெடிவைப்பை யாருக்காவது பிறந்தநாள் பரிசாக அர்ப்பணித்து, இஸ்ரேலிய வீரர்கள் தாங்களே டிக்டாக்கில் போட்டார்கள். அவற்றில் சிலவற்றை 2024 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் காட்டியது. அடுத்த மாதம் இஸ்ரேலியத் தளபதி ஹெர்ட்ஸி ஹலேவி வீரர்களுக்குக் கடிதம் எழுதினார். நம்முடையதல்லாத பொருளை எடுக்காதீர்கள், பழிவாங்கும் வீடியோக்களை எடுக்காதீர்கள் என்று. வீடியோக்கள் நிற்கவில்லை. 2025 ஜனவரியில், விடுமுறைக்கு பிரேசில் போயிருந்த வீரர் ஒருவர்மேல் விசாரணை நடத்த அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் அவசரமாகக் கிளம்பிப் போனார். சில நாட்களுக்குள் இஸ்ரேல் ராணுவம் புதிய விதி கொண்டுவந்தது: போரில் ஈடுபட்டவர்களில் கர்னல் வரையிலானவர்களின் முழுப்பெயரும் முகமும் ஊடகங்களில் வெளிவரக் கூடாது.

இந்த விதி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வேண்டுமென்றால் ராணுவத்தால் வேகமாகச் செயல்பட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

6

இனி எதிர்ப்பக்கம் இருக்கும் என் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. எல்லாத் தடையும் போகட்டும், எல்லாவற்றையும் வீரர்கள் பதிவேற்றட்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெருமை வீடியோக்களில் இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு அம்மாக்கள் இருக்கிறார்கள். 2009இல் விடுதியில் பார்த்த காட்சியை அன்றிரவே பத்துப் பேருக்கு அனுப்பினோம், நியாயத்துக்காக என்று நினைத்துக்கொண்டு. மானமிழந்து கிடந்த அந்த உடல்களை நாங்களும் கைமாற்றினோம் என்பதே உண்மை.

அழித்துவிடுவதும் தீர்வல்ல. 2017இல் யூடியூப் வன்முறை வீடியோக்களைக் கண்டுபிடிக்க இயந்திரக் கற்றலைக் கொண்டுவந்தபோது, சிரியாவில் ஆர்வலர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்த போர்க்குற்றச் சான்றுகளும் கொத்தாகப் போயின. சில பின்னர் மீட்கப்பட்டன. எங்கள் துறையின் கைவரிசை அது. அதே ஆகஸ்டில், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிமேல் பிடியாணை பிறப்பித்தது. ஏழு சம்பவங்கள், 33 பேரின் கொலை. சான்றாக முதன்மையாக நின்றவை சமூக ஊடகங்களில் வந்த வீடியோக்கள். ஒரே மாதத்தில், ஒரு பக்கம் வீடியோ சாட்சியாக ஏறுகிறது, இன்னொரு பக்கம் அதேபோன்ற வீடியோ குப்பையாக இறங்குகிறது.

அப்படியானால் என்ன வேண்டும்? மூன்று விஷயங்கள்.

இடம், நேரம், எண்ணிக்கை, திட்டம். இவை வெளியே போகக் கூடாது. இதில் எனக்கு எந்த ராணுவத்தோடும் கருத்து வேறுபாடு இல்லை.

குற்றத்தைக் காட்டும் பதிவு எதுவாயினும் தளங்களும் படைகளும் அதைப் பத்திரப்படுத்தி, படையின் ஆணைக்கு உட்படாத விசாரணையாளரிடம் தர வேண்டும். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை, அழிக்கவும் கூடாது.

மூன்றாவது, குறை. சோறு, சம்பளம், விடுப்பு, அவமானம். இதைச் சொல்லும் வீரனுக்குப் படைக்கு வெளியே ஒரு கதவு வேண்டும். இது கற்பனை அல்ல. ஜெர்மனி ஹிட்லரின் படையைப் பார்த்த நாடு. 1956இல் தன் அரசியலமைப்பில் 45பி என்ற பிரிவைச் சேர்த்து, நாடாளுமன்றத்தின் சார்பில் ராணுவத்தைக் கண்காணிக்கும் ஆணையர் ஒருவரை உருவாக்கியது. எந்த வீரரும் மேலதிகாரியைத் தாண்டி நேராக அவருக்கு எழுதலாம். எழுதியதற்காகத் தண்டிக்க முடியாது. அவர் முகாமுக்குச் சொல்லாமல் போய்ப் பார்க்கலாம். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கிறார், அது அச்சாகி எல்லோர் கைக்கும் வருகிறது. ஜெர்மன் ராணுவம் அதனால் கலைந்துபோய்விடவில்லை.

நம் அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தேவையானதுதான். ஆனால் உரிமையை எடுத்துக்கொண்ட நாடாளுமன்றம் அதற்கு ஈடாக என்ன கொடுத்தது? அவன் வாயை மூடச் சொன்னவர்கள் அவனுக்காகப் பேச யாரை வைத்தார்கள்? வெளிக்கதவு இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாகக் கத்தினான் என்பதுதான் தேஜ் பகதூர்மேல் உள்ள குற்றச்சாட்டு.

7

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா இப்போது ரீல்ஸ் பார்க்கிறார். பனியில் ஜவான்கள் ஆடுகிறார்கள், பின்னணியில் உணர்ச்சிகரமான இசை, படைகளின் அதிகாரபூர்வப் பக்கங்களிலிருந்து வருபவை. எனக்கும் அனுப்புவார். நல்ல ஒளிப்பதிவு, ட்ரோன் காட்சிகள் எல்லாம் உண்டு. வீரர்கள் வீடியோவில் வருவதில் யாருக்கும் பிரச்சினையே இல்லை, என்ன சொல்கிறார்கள் என்பதில்தான்.

அவரிடம் புகார்ப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"பொட்டி எதுக்குடா? எங்களுக்கு சைனிக் சம்மேளனம் இருந்துச்சே. மாசா மாசம் எல்லாரையும் உக்கார வெப்பாங்க. சிஓ சாப் வருவாரு. கடைசியில கேப்பாரு, 'கோயீ ஷிகாயத்?' யாருக்காவது குறை இருக்கான்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"எல்லாரும் ஒண்ணா சொல்லுவோம், 'நஹீ, சாப்!' தாளம் தப்பாம வரும்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டேன். அத்தனை முறை கேட்கப்பட்ட கேள்விக்கு அத்தனை முறையும் ஒரே பதில். எங்கள் டேஷ்போர்ட் மூன்று மாதம்தான் பச்சையாக இருந்தது.

"உண்மையச் சொல்லுங்க சித்தப்பா. சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். சமையலறையில் சித்தி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேலே போஸ்டில் இருந்த ஒரு குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். வழி அடைத்துக்கொண்டதையும், மிச்சமிருந்த மாவில் புழு நெளிந்ததையும், அதையே சலித்துச் சுட்டுத் தின்றதையும், மேலே எழுதலாம் என்று சொன்ன பீகார்க்காரப் பையன் அடுத்த மாதமே இடம் மாற்றப்பட்டதையும். நான் அவரை அந்தக் குரலில் கேட்டதே இல்லை.

முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க சித்திகிட்ட சொல்லிடாத. அவளுக்குத் தெரியாது. நல்லா சாப்புட்டுட்டு இருக்கேன்னுதான் அப்ப லெட்டர் எழுதினேன்."

ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அவர்மேல் எந்தப் படைச் சட்டமும் இல்லை.